வளர்ந்த ஆட்கள் யோயோ பழகுவது: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம், வவுனியா என்று எங்கிருந்தாலும் முதன்முதலாக யோயோவைக் கையில் எடுக்கிற வளர்ந்தவர்களுக்காக எழுதியது. வலக்கைக்காரரை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம். இடக்கைக்காரர் வலம் இடம் மாற்றி வாசிக்கவும். கண்ணாடியில் பார்த்ததுபோல எல்லாம் அப்படியே பொருந்தும்.

நாற்பது வயதுக்குப் பிறகு பழக ஏலுமா?

ஏலும். சின்னப் பிள்ளைகள் பிழைத்தால் திரும்பத் திரும்ப எறிவார்கள். வளர்ந்தவர்கள் ஏன் பிழைத்தது என்று பார்த்துத் திருத்துவார்கள். ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் பிள்ளைகளுக்குப்போல ஒத்துழைக்காது. முதல் இரண்டு கிழமையும் காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் தொடர்ந்து எறிந்துவிட்டுத் திங்கட்கிழமை மோட்டார் சைக்கிள் கிளச்சைப் பிடிக்க முடியாமல் நிற்பதில் பயனில்லை.

எந்த யோயோ வாங்குவது?

யோயோவில் இரண்டு இனம் உண்டு. ஒன்று, கீழே சுற்றிக்கொண்டிருக்கும்போது நூலை இழுத்தால் மேலே வருவது. பெட்டியில் 'ரெஸ்பொன்சிவ்' என்று இருக்கும். மற்றது, என்ன இழுத்தாலும் வராமல் அடியிலேயே சுற்றுவது; 'அன்ரெஸ்பொன்சிவ்' என்று இருக்கும். தொடங்குபவருக்கு முதல் இனந்தான் வேண்டும். யூரியூப்பில் பார்க்கிற பெரிய வித்தைகள் பெரும்பாலும் இரண்டாவது இனத்தில் செய்பவை. அதைப் பார்த்து அதையே வாங்கி, 'இது பழுதான சாமான்' என்று மூலையில் போட்டவர்கள் நிறையப்பேர்.

அடுத்தது வடிவம். இரண்டு பாதிகளும் வெளிப்பக்கம் விரிந்து, நடுவில் அகலமான வாய் இருப்பது 'பட்டர்ஃப்ளை' வடிவம். நூலின்மேல் யோயோவை இறக்க இது வசதி. விளிம்பு உருண்டு வாய் ஒடுங்கிய பழைய வடிவம், யோயோவை முன்னால் சுழற்றி எறிந்து திரும்பத் திரும்ப அடிக்கும் 'லூப்பிங்' ஆட்டத்துக்கானது. இரண்டுக்கும் ஒன்றை வாங்க நினைக்க வேண்டாம்.

மூன்றாவது, நடுவில் போல் பெயாரிங் இருக்கிறதா என்று பாருங்கள். பெயாரிங் இல்லாமல் நூல் நேரே அச்சில் உராயும் யோயோவில் நல்ல எறிகூடச் சில விநாடிகளிலேயே ஓய்ந்துவிடும். பெயாரிங் உள்ளதில் தொடக்கக்காரரே 20, 30 விநாடி சுற்ற வைக்கலாம். பெயாரிங் உள்ள, பட்டர்ஃப்ளை வடிவ, இழுத்தால் வரும் பிளாஸ்ரிக் யோயோ: இதுதான் எங்கள் தெரிவு. பின்னாளில் அகலமான பெயாரிங் போட்டு இரண்டாவது இனமாக மாற்றக்கூடியது கிடைத்தால் இன்னும் நல்லது.

திருவிழாக் கடையில் விற்கிற மினுங்கும் யோயோ சரிவராதா?

வற்றாப்பளைப் பொங்கல் கடையிலோ மடுத் திருவிழாக் கடையிலோ ஒன்று கிடைத்தால் மேலும் கீழும் விட்டு விளையாடலாம். அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். அந்த இனத்தில் நூல் அச்சிலேயே இறுக்கிக் கட்டப்பட்டிருந்தால் அடியில் நின்று சுற்றவே சுற்றாது. பழகும் யோயோவில் நூல் அச்சைச் சுற்றி ஒரு கண்ணியாக மட்டும் கிடக்கும். அந்தத் தளர்ச்சியால்தான் நூல் நிற்க யோயோ சுற்றுகிறது.

வேகம் குறைந்ததும் தானாகவே மேலே வரும் கிளச் வைத்த யோயோக்களும் உண்டு. சிறுவருக்கு நல்லது. வளர்ந்தவர் வாங்கினால் எப்போது திரும்பி வரவேண்டும் என்பதை யோயோ முடிவு செய்யும், நீங்கள் முடிவு செய்ய மாட்டீர்கள்.

வெளிநாட்டிலிருந்து அலுமினிய யோயோ ஒன்று வந்துவிட்டது. இழுத்தால் வரவே இல்லை. என்ன செய்யலாம்?

மூன்று வழி.

திருகிக் கழற்றிப் பெயாரிங்கின் அகலத்தைப் பாருங்கள். பெரும்பாலான யோயோக்களில் இருப்பது 'சி' அளவு: உள்விட்டம் 6.35, வெளிவிட்டம் 12.7, அகலம் 4.76 மில்லிமீற்றர். விரலில் சுழற்றும் 'ஸ்பின்னர்' சிலவற்றில் இருக்கும் ஆர்188 பெயாரிங்கும் இதே அளவுதான். மூடி இல்லாத திறந்த ஆர்188 அகலம் குறைந்தது, 3.18 மில்லிமீற்றர். அதைப் போட்டால் இரண்டு பாதிகளும் கிட்ட வந்து இடைவெளி ஒடுங்கும், நூலைப் பிடிக்கும், இழுத்தால் வரும். சில யோயோவில் அச்சாணி முட்டி முழுதாக இறுகாது; அப்படியானால் வலுக்கட்டாயம் பண்ண வேண்டாம்.

மெல்லிய பெயாரிங் இல்லையென்றால் இருப்பதற்குள் கட்டிக் கிறீஸ் ஒரு பொட்டு வையுங்கள். பெயாரிங் மந்தமாகி நூலையும் சேர்த்து இழுக்கும். பிறகு கழுவிக்கொள்ளலாம்.

இரண்டும் ஏலாவிட்டால் நூற்கண்ணியை ஒருமுறை முறுக்கி எட்டுப்போல ஆக்கி, இரண்டு சுற்றாகப் பெயாரிங்கில் போடுங்கள். கொஞ்சம் பிடிப்புக் கூடும். இடைவெளி மிக அகலமான யோயோவில் இது போதாது.

இந்த இனத்தில் நூல் சுற்றுவதும் ஒரு தலையிடி: எவ்வளவு சுற்றினாலும் வழுக்கும். சுட்டுவிரலை இடைவெளிக்குக் குறுக்கே வைத்து முதற் சுற்றை விரலின் மேலால் விடுங்கள். அடுத்த இரண்டு மூன்று சுற்றை விரலுக்குக் கீழால் விட்டு, விரலை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சுற்றுங்கள்.

நூல் எவ்வளவு நீளம்? விரலில் எப்படிப் போடுவது?

யோயோவை நிலத்தில் வைத்து நூலை நேரே தூக்குங்கள். தொப்புள் உயரத்தில் மடித்து முடிச்சுப் போட்டுச் சிறு கண்ணி செய்து, மிச்சத்தை வெட்டுங்கள். 165 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர் வரும். கடை நூல் இதைவிட நீளம். வெட்டாமல் எறிந்தால் யோயோ நிலத்தில் அடிபடும். அதைத் தவிர்க்கக் கையை உயர்த்துவீர்கள், எறி கெட்டுவிடும்.

முடிச்சுப் போட்ட கண்ணிக்குள் விரலை நேரே நுழைக்க வேண்டாம். கண்ணிக்குள்ளால் நூலையே இழுத்தெடுத்தால் ஓடும் சுருக்கு ஒன்று வரும். அதை நடுவிரலில், முதலாம் இரண்டாம் மூட்டுகளுக்கு இடையில் போடுங்கள். விரலடியில் போட்டால் பிடி தளர்வாக இருக்கும், நோவும் கூடும். மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

எப்படி எறிவது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள். பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்குமேல் எறியில்தான் தொடங்குகின்றன.

உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி யோயோவை அதில் நிமிர்த்தி வையுங்கள். நடுவிரலிலிருந்து வரும் நூல் யோயோவின் மேற்புறத்தால் போகவேண்டும், அடிப்புறத்தால் அல்ல. அடியால் போனால் யோயோ கையை விட்டு உருளாமல் சறுக்கும், சுழற்சி வராது. தொடக்கத்தில் நடக்கும் மிகப் பொதுவான பிழை இது. எறியுமுன் ஒவ்வொருமுறையும் பாருங்கள்.

முழங்கையை மடித்துக் கையைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். முழங்கை முன்னால் பார்க்கட்டும், வெளிப்பக்கம் விரியக்கூடாது. அங்கிருந்து முன்கையைக் கீழே இறக்கி, கை தொடைக்குக் கிட்ட வரும்போது மணிக்கட்டால் ஒரு சுண்டு சுண்டி விடுங்கள். பலம் தோளில் இல்லை, அந்தக் கடைசிச் சுண்டில்தான். விட்டவுடன் உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்புங்கள்.

யோயோ நூலின் அடியை அடையும் கணத்தில் கையைக் கொஞ்சம் கீழே விட்டுக் கொடுங்கள். விறைப்பாக வைத்திருந்தால் அந்த அதிர்ச்சியே ஒரு இழுப்பாகி யோயோவை உடனே மேலே கொண்டுவரும். அடியில் நின்று சுற்றினால் அதற்கு 'ஸ்லீப்பர்' என்று பெயர். திரும்ப அழைக்க, உள்ளங்கை கீழ்நோக்கியபடியே சிறிதாக, சட்டென்று மேலே இழுங்கள்.

பம்பரம் குத்தியவர்கள் இதை விரைவில் பிடிப்பார்கள், நூலிலிருந்து சுழற்சி எடுக்கும் கை அவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் பம்பரத்துக்குப்போல வெளியே வீசக் கூடாது.

ஸ்லீப்பர் நிற்கவே இல்லை, உடனே திரும்பி வருகிறது.

ஒன்று, மேலே சொன்ன விறைப்பு. இரண்டு, நூல் அதிகம் முறுகி அச்சைச் சுற்றிய கண்ணி இறுகியிருக்கும். நூலை விரலால் கழற்றித் தொங்கவிட்டுப் பாருங்கள், யோயோ தானாகச் சுழன்றால் முறுக்கு இருந்தது என்று அர்த்தம். மூன்று, புது நூலின் மயிர்ப்பு. இருபது முப்பது எறிக்குப் பிறகு தானாகச் சரிவரும்.

திரும்பி வருவதே இல்லை.

எறி மெதுவாக இருந்திருக்கும், சுழற்சி ஓய்ந்த பிறகு இழுத்திருப்பீர்கள். பலமாக எறிந்து இரண்டு விநாடியில் இழுத்துப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் நூல் முறுக்கு அவிழ்ந்து தளர்ந்திருக்கிறது, அல்லது நூலைப் பிடிப்பதற்காக உள்ளே ஒட்டியிருக்கும் சிலிக்கன் பாட் தேய்ந்திருக்கிறது, அல்லது அது இரண்டாவது இன யோயோ. வேறு காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை.

சாய்ந்து சுற்றுகிறது, முகமும் திரும்பிக்கொண்டே போகிறது.

எறியும்போது கை உடம்புக்குக் குறுக்கே போகிறது, அல்லது முழங்கை வெளியே விரிகிறது. சுழலும் பொருள் சாய்ந்தால் அதன் முகமும் மெல்லத் திரும்பத் தொடங்கும், அது அதன் இயல்பு. சாய்ந்ததும் நூல் ஒரு பக்கச் சுவரில் உராயும், சுழற்சி சீக்கிரம் சாகும். போனைச் சுவரில் சாத்தி முன்னாலிருந்து காணொளி எடுங்கள். முழங்கை, மணிக்கட்டு, யோயோ மூன்றும் ஒரே நேர்கோட்டில் இறங்க வேண்டும். வீட்டு நிலைக்கதவின் சட்டத்துக்கு எதிரே நின்று, நூலை அந்தச் சட்டத்துடன் ஒப்பிட்டும் பார்க்கலாம்.

நூலின் முறுக்கை எப்படிச் சரிசெய்வது?

ஒவ்வொரு எறியும் நூலைக் கொஞ்சம் ஒரு பக்கம் முறுக்கும் அல்லது அவிழ்க்கும். நூலின் நடுவைத் தளரவிட்டு, கையையும் யோயோவையும் கிட்டக் கொண்டுவாருங்கள். நூல் தன்னோடு தானே பின்னிக்கொண்டால் முறுக்குக் கூட, அல்லது மிகக் குறைவு. விரலிலிருந்து சுருக்கைக் கழற்றி, யோயோவைக் கையில் பிடித்துக்கொண்டு நூலைக் கீழே தொங்கவிடுங்கள், சமப்பட்டுவிடும். பத்துப் பதினைந்து எறிக்கு ஒருமுறை செய்யுங்கள். அரை நிமிட வேலை.

நூல் முடிந்துவிட்டது. இங்கே கிடைக்கும் நூலில் செய்யலாமா?

தங்கூசி நூலை மட்டும் போட வேண்டாம். கடற்கரைப் பக்கம் அதுதான் கையில் அகப்படும், வலுவாகவும் இருக்கும். ஆனால் விரலை அறுக்கும், உராய்வுச் சூட்டில் உருகும், முறுக்கும் நிற்காது.

தையற்கடையில் கிடைக்கும் பொலியெஸ்ரர் தையல் நூலில் முறுக்கிச் செய்யலாம். மூன்று மீற்றர் நீளத்தில் பத்து இழை எடுத்து, ஒரு முனையை ஆணியில் கட்டுங்கள். மறுமுனையைத் துளைக்கும் மெசினில் மாட்டி, நூல் விறைத்துச் சுருளத் தொடங்கும்வரை முறுக்குங்கள். நடுவைப் பிடித்துக்கொண்டு இரண்டு முனையையும் ஒன்றாக்கி, கையை மெல்ல விடுங்கள். இரண்டு பாதியும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்ளும். மடிந்த நடுப்பகுதிதான் பெயாரிங்கில் போடும் கண்ணி. முனைகளை முடிந்து, மேலே சொன்ன அளவுக்கு வெட்டுங்கள். தடிப்பாகித் திரும்பித் திரும்பி வந்தால் இழையைக் குறையுங்கள். முறுக்கும்போது நூலை இழுத்துப் பிடிக்க இன்னொருவர் இருந்தால் நல்லது, தளர்ந்தால் குட்டிக் குட்டிச் சுருளாகிவிடும்.

பருத்தி நூல் மாரியில் ஈரம் குடித்து ஊதி, யோயோவைத் தொட்டவுடன் திரும்ப வைக்கும். பொலியெஸ்ரரில் அந்தக் கரைச்சல் குறைவு. பெயாரிங் இல்லாத, அச்சில் உராயும் யோயோவுக்கு மட்டும் பருத்தி. பொலியெஸ்ரர் அந்தச் சூட்டைத் தாங்காது.

எந்த ஒழுங்கில் வித்தை பழகுவது?

நேரான ஸ்லீப்பர், பத்து விநாடி. அது வரும்வரை வேறொன்றும் வேண்டாம். பிறகு யோயோவை முன்னால் எறிந்து உள்ளங்கையில் பிடிக்கும் 'ஃபோவேட் பாஸ்'. அதற்குப்பின் 'பிரேக்அவே', அதாவது பக்கவாட்டு எறி. அதிலிருந்து 'ட்ரபீஸ்'. 'வோக் த டோக்' என்று நிலத்தில் ஓடவிடுவதைச் சிலர் முதலிலேயே செய்வார்கள். சீமெந்து நிலத்தில் விளிம்பு சிராயும், மணல் முற்றத்தில் பெயாரிங்குக்குள் மண் போகும். தவறவிட்டால் இழப்பில்லை. நூலைத் தொட்டில்போல விரித்துப் பிடித்து அதற்குள் யோயோவை ஆட்டுவது பார்வையாளருக்காக, பேரப்பிள்ளை இருந்தால் பழகுங்கள்.

ட்ரபீஸ் எத்தனை நாளாகியும் விழவில்லை. எங்கே பிழை?

ட்ரபீஸ் என்றால் யோயோவைப் பக்கவாட்டில் வீசி, இடக்கைச் சுட்டுவிரலில் நூல் மடங்கச் செய்து, யோயோ சுழன்று வந்து தன் நூலின் மேலேயே உட்காருவது.

பிழை பெரும்பாலும் விரலும் யோயோவும் எவ்வளவு தூரத்தில் என்பதில். சுட்டுவிரல் நூலைத் தொடும் இடம் யோயோவிலிருந்து ஐந்து முதல் எட்டுச் சென்ரிமீற்றருக்குள் இருக்கவேண்டும். தூரத்தில் தொட்டால் யோயோ பெரிய வட்டம் போட்டு எங்கோ போகும். கிட்டத் தொட்டால் வட்டம் சிறிது, விழும் இடம் நிச்சயம்.

அடுத்தது தளம். யோயோ உங்களுக்கு நேர் குறுக்கே, சுவரில் ஒட்டியதுபோல ஒரே தளத்தில் வரவேண்டும். உங்களை நோக்கியோ விலகியோ வந்தால் நூலுக்குப் பக்கத்தால் விழும். ஒரு கண்ணை மூடி, நூலையும் இடைவெளியையும் ஒரே கோட்டில் பாருங்கள். விழுந்தவுடன் இரண்டு கையையும் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்து நூலைத் தளர்த்துங்கள்; இறுக்கமாக வைத்தால் துள்ளி வெளியே பாயும்.

'பைண்ட்' என்றால் என்ன? எப்போது பழகவேண்டும்?

இழுத்தாலும் வராத யோயோவைத் திரும்ப அழைக்கும் முறை. நூலின் ஒரு மடிப்பை இடைவெளிக்குள் திணித்தால் அது சிலிக்கன் பாட்களில் சிக்கி யோயோவைச் சுற்றிக்கொண்டு மேலே கொண்டுவரும். ஸ்லீப்பர் இருபது விநாடி நின்று, ட்ரபீஸ் பத்துக்கு ஐந்து விழும்போது தொடங்கலாம்.

ஸ்லீப்பர் எறிந்து, நூலின் நடுவை இடக்கைச் சுட்டுவிரலின் மேல் போடுங்கள். வலக்கையை இறக்கி, வலக்கைப் பக்க நூலை யோயோவின் அடியால் இடைவெளிக்குள் விழவிடுங்கள். இப்போது இடக்கையை யோயோவுக்குக் கிட்ட இறக்கி மடிப்பைச் சிறிதாக்கி, வலக்கையை மேலே இழுங்கள். பிடிக்கத் தொடங்கியதும் இடக்கை விரலை எடுங்கள். சுழலும் திசை மடிப்பை உள்ளே இழுப்பதாக இருக்கவேண்டும். வெளியே துப்பினால், நூலை மறுபக்கத்தால் கொண்டுவந்து பாருங்கள். முதல் நாட்களில் விரல் மொளியில் ஒன்றிரண்டு அடி படும். கண்ணாடி போடுபவர்கள் முகத்தைப் பின்னால் வைத்திருக்கவும்.

தூசிக்கு என்ன செய்வது?

கச்சான் காற்றுக் காலத்தில் செம்மண் தூசி பெயாரிங்குக்குள் போய்க் கரகரக்கும். சுழற்சி பாதியாகக் குறையும். பெயாரிங்கைக் கழற்றி, பக்க மூடியைப் பிடித்திருக்கும் கம்பி வளையத்தை ஊசிமுனையால் கிளப்புங்கள். மூடி அழுத்திப் பொருத்தியதாக இருந்தால் கழற்ற முனைய வேண்டாம், அப்படியே கழுவலாம். பாமசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஐந்து நிமிடம் போட்டுக் குலுக்கி எடுத்து, காய்ந்ததும் பென்சிலில் மாட்டிச் சுண்டிப் பாருங்கள். அடுப்புக்கு, விளக்குக்குக் கிட்டச் செய்ய வேண்டாம். காய்ந்த பெயாரிங் சத்தம் போட்டால் தையல் மெசின் எண்ணெய், ஊசிமுனையில் நிற்கும் அளவு. அதற்குமேல் போனால் யோயோ திரும்பி வரத் தொடங்கும். தேங்காய் எண்ணெய் பிசினாகும், வேண்டாம்.

எங்கே நின்று பழகுவது?

விறாந்தையில் மின்விசிறியும் குழல் விளக்கும் இருக்கும். முற்றத்தில், கையை உயர்த்தினால் கிளை தட்டாத இடத்தில் நில்லுங்கள். சுற்றிவர இரண்டு மீற்றர் வெளி, பின்னால் பிள்ளைகள் இல்லை என்பதை எறியுமுன் பாருங்கள். அலுமினிய யோயோவில் நூல் அறுந்தால் கல் எறிந்ததற்குச் சமம். விரற்பக்கமும் பெயாரிங் பக்கமும் நூல் நைந்திருக்கிறதா என்று தினமும் தடவிப் பாருங்கள். நைந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

விரல் நீலம் பாரித்தால் சுருக்கைத் தளர்த்திக் கொஞ்ச நேரம் ஆறுங்கள். காய்ப்புப் பிடிக்கும்வரை விரலில் பிளாஸ்ரர் ஒரு சுற்றுச் சுற்றலாம்.

போட்டிகளில் 1ஏ, 2ஏ என்கிறார்களே?

ஆட்டவகை. 1ஏ ஒரு யோயோவில் நூல் வித்தை, 2ஏ இரண்டு கையிலும் லூப்பிங், 3ஏ இரண்டு யோயோவில் நூல் வித்தை, 4ஏ நூலோடு கட்டாத யோயோ, 5ஏ விரலுக்குப் பதில் நூல்முனையில் ஒரு பாரம். இந்தப் பக்கத்தில் சொன்னது எல்லாம் 1ஏக்கான அடித்தளம்.

இது எந்த நாட்டு விளையாட்டு?

கி.மு. 440 அளவிலான கிரேக்கச் சாடி ஒன்றில் இதை விளையாடும் பையன் இருக்கிறான். நூலைக் கட்டாமல் கண்ணியாகப் போட்டு அடியில் சுற்றவிடும் வகையை அமெரிக்காவில் பரப்பியவர் பிலிப்பைன்ஸிலிருந்து போன பெட்ரோ புளோரஸ். 1928இல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பராவில் தொழிற்சாலை தொடங்கினார். பிறகு அந்த வியாபாரம் டன்கன் நிறுவனத்தின் கைக்குப் போனது.

வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிற சொந்தக்காரரிடம் என்ன சொல்லிவிடுவது?

'ஒரு யோயோ வாங்கி வாங்கோ' என்று மட்டும் சொன்னால் விலை கூடிய, திரும்பி வராத அலுமினியம்தான் வரும். இப்படி எழுதி வட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: தொடக்கக்காரருக்கான ரெஸ்பொன்சிவ் பிளாஸ்ரிக் யோயோ, பட்டர்ஃப்ளை வடிவம், பெயாரிங் உள்ளது, திருகிக் கழற்றக்கூடியது. பொலியெஸ்ரர் நூல் ஐம்பது அல்லது நூறு கொண்ட கட்டு ஒன்று. 19 மில்லிமீற்றர் சிலிக்கன் பாட் இரண்டு சோடி. அந்த யோயோவுக்கு அந்த அளவுதானா என்று கடையில் கேட்கச் சொல்லுங்கள். காசு மிஞ்சினால் இன்னுமொரு கட்டு நூல், இரண்டாவது யோயோ வேண்டாம்.